திராட்சைக் கம்பெனிக்கு ஒரு நூலகர்: ஓடைப்பட்டியிலிருந்து கோம்பை வரை

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, வேலைக்கு ஆள் தேடிக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனேன். நூலகவியல் படித்தவர்களை வேலைக்கு எடுக்க நினைப்பவர்கள் இதே பாதையில் போகக்கூடும் என்பதால் நேரத்தையும் கட்டணத்தையும் குறித்து வைத்தேன்.

ஓடைப்பட்டியில் திராட்சை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் மேலாளர் பாண்டியன் என் நெடுநாள் நண்பர். மண் பரிசோதனை அறிக்கை, எந்த நோய்க்கு எந்த மருந்து அடித்தார்கள் என்ற சீட்டு, கருகிய இலைகளின் படம் எனப் பல வருடக் காகிதம் அங்கே பழப்பெட்டிகளில் கிடந்தது. 'கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர் தேவை' என்று விளம்பரம் கொடுத்தார். அடுத்தடுத்து வந்த இருவரும் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினார்கள். பிறகு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். அதன்பின் கேட்ட காகிதத்தை எடுத்துக் கொடுக்க யாராலும் முடியவில்லை.

"நூலகவியல் படித்தவர்களைத் தேடுங்கள்" என்றேன். நான் வேலை பார்த்த பத்திரிகையில் என் வேலையில் பாதியை எங்கள் நூலகர்தான் செய்தார் என்பது எனக்குத் தெரியும்.

பாண்டியன் சிரித்தார். "எங்ககிட்ட ஒரு புஸ்தகம்கூட இல்லையே சார்."

மதுரையில் ஒரு கல்லூரியின் நூலகவியல் துறையில் விசாரித்தேன். அங்கே படித்து முடித்த, பள்ளத்தாக்கைச் சேர்ந்த மூன்று பேரின் எண்கள் கிடைத்தன. ஒருவர் செல்போன் கடை வேலைக்குப் போய்விட்டார், திரும்புவதாக இல்லை. கவிதா என்பவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தார். மூன்றாமவர் கோம்பை மகேஸ்வரி. அவர் போனில் சொன்னார்: "ஞாயித்துக்கெழம சாயங்காலம் நானும் திருப்பூர் கெளம்புறேன் சார். கவிதாதான் வேல சொல்லி வச்சிருக்கா." ஆக, எங்களுக்குக் கையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 6.15க்குப் பேருந்து. தேனிக்கு 76 கிலோமீட்டர், 75 ரூபாய். 8.20க்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து குச்சனூர் வழியாகப் போகும் சின்னமனூர் வண்டியில் நிற்கவே இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி, "இன்றைக்கு என்ன இவ்வளவு கூட்டம்?" என்று நடத்துநரைக் கேட்டேன். "சனிக்கெழம குச்சனூர் வண்டியில ஏறிட்டு இப்படிக் கேக்குறீகளே! எல்லாம் சனீஸ்வரனப் பாக்கப் போறாக. நீங்க மட்டும் எங்க போறீக?" என்றார். வேலை கொடுக்கப் போகிறேன் என்றேன். "எனக்கு ஏற்கெனவே இருக்கு சார், தள்ளி நில்லுங்க."

சின்னமனூரில் பாண்டியன் காருடன் காத்திருந்தார். முதலில் ஓடைப்பட்டி அலுவலகத்துக்குப் போய் ஒரு கட்டுக் காகிதங்களை எடுத்துக்கொண்டோம். நேர்காணலில் கேள்வி கேட்பதைவிட இதைக் கையில் கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை. அங்கிருந்து உத்தமபாளையம் வழியாகக் கோம்பைக்குக் கார் மீட்டர் 29 கிலோமீட்டர் காட்டியது. மழை விட்டிருந்தது. மேற்கே மலைமேல் மேகம் இறங்கி நின்றது.

மகேஸ்வரி வீட்டு வாசலில் செவலை நிறக் கோம்பை நாய் எழுந்து நின்றது. பாண்டியன் காரைவிட்டு இறங்கவில்லை. "கடிக்குமா ஆத்தா?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டார்.

"இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல. மொத ஆளா நீங்க ஆயிராதீக" என்றார் மகேஸ்வரியின் அம்மா பேச்சியம்மாள். பிறகு நாயைப் பார்த்து, "ஏலே, அங்கன போய்ப் படு!"

உள்ளே சுவரோரம் கட்டி வைத்த பை. மேலே புது வாளி, தலையணை. மகேஸ்வரிக்கு இருபத்தாறு வயதிருக்கும். காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் எதையும் அடுக்கவில்லை, வாசிக்க மட்டும் செய்தார். பிறகு நிமிர்ந்து, "இதத் தேடி வர்றவுக மொதல்ல என்ன சொல்லிக் கேப்பாக?" என்றார்.

"தேடுறவுகளையே கேட்ருவோம்" என்றார் பாண்டியன். கம்பெனியின் தலைவர் முத்துலட்சுமியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். ஓடைப்பட்டியில் இரண்டு ஏக்கர் திராட்சை வைத்திருப்பவர்.

"கவாத்து போட்டு நாப்பதாம் நாளு, எலைக்கடியில வெள்ளையாப் பூசணம் பூக்குது, போன வட்டம் என்ன மருந்து அடிச்சேன்னு கேப்பேன். தேதி எவளுக்கு ஞாபகமிருக்கு?" என்றது அந்தக் குரல்.

கவாத்து என்பது கொடியைக் கழித்து வெட்டுவது. திராட்சைத் தோட்டத்தில் நாட்கள் அந்த வெட்டிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. பழைய சீட்டுகளின் மூலையிலெல்லாம் 'க-40', 'க-65' என்று பென்சிலில் இருந்ததை நான்கூடக் கவனித்திருக்கவில்லை. மகேஸ்வரி அதைத் தொட்டுக் காட்டினார். "இதுதான்ணே வரிசை. அவுக சரியாத்தான் எழுதியிருக்காக. நீங்கதான் தேதி வரிசையில போட்டுக் கலைச்சுப்புட்டீக."

பாண்டியன் மகிழ்ச்சியோடு, தயாராகக் கொண்டுவந்திருந்த நியமனக் கடிதத்தை நீட்டினார். மகேஸ்வரி வாசித்தார். மடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"ஆபீஸ் அசிஸ்டென்ட்னு போட்டிருக்கு."

"சம்பளம் போன்ல பேசுனதுதாம்மா. பேருல என்ன இருக்கு?"

"முன்ன ஒரு பள்ளிக்கூடத்துல லைப்ரேரியன்னு வாயில சொல்லித்தான் எடுத்தாக. எழுத்துல கிளார்க். ரெண்டு வருசம் பஸ்ஸுல பிள்ளைக ஏறுறத எண்ணிக்கிட்டு நின்னேன்ணே. லைப்ரரிச் சாவி என் கைக்கு வரவேயில்ல. அதுக்குத் திருப்பூர் தேவலாம். அங்க செக்கிங்னா செக்கிங்தான்."

பேச்சியம்மாள் மகளைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"புஸ்தகமே இல்லாத எடத்துல நூலகர்னு போட்டா ஊருல சிரிப்பாகம்மா" என்றார் பாண்டியன்.

"சிரிக்கட்டும். கேட்டது கையில கெடச்சதும் நிறுத்திருவாக."

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. "ஏப்பா பாண்டி, அந்தப் புள்ள கேட்ட பேரையே எழுது. நான் கூட்டத்துல பேசிக்கிறேன்" என்றார் முத்துலட்சுமி. பாண்டியன் பேனாவை எடுத்தார். அடித்துத் திருத்தாமல், வெள்ளைத்தாளில் முதலிலிருந்து முழுவதையும் எழுதிக் கையெழுத்திட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

பேச்சியம்மாள் பைமேலிருந்த தலையணையை எடுத்து உள்ளே கொண்டுபோனார். மகேஸ்வரி திருப்பூருக்குப் போன் போட்டார். "கவிதா, நான் வரல. இங்கன வேல கெடச்சிருச்சு… ஆமா, எழுத்துலதான். 'நூலகர்'னு." அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, மகேஸ்வரி கடிதத்தை விரித்து அந்த வரியை மீண்டும் ஒருமுறை, மெதுவாக வாசித்தார்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமையைத் தவிருங்கள், அல்லது தேனியிலிருந்து நின்றுகொண்டே போகத் தயாராகுங்கள். விளம்பரத்தோடு நிற்காமல் கல்லூரித் துறையில் பெயர் கேளுங்கள். சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் உங்கள் அலுவலகக் காகிதத்தில் ஒரு கட்டைக் கொடுத்து, அவர்கள் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். கடிதத்தில் பதவிப் பெயரைச் சரியாக எழுதுங்கள். திருப்பூரில் துணிகளுக்கு நடுவே நின்றபடி அதை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் ஒருவர் இருக்கிறார். கவிதாவின் எண் என்னிடம் இருக்கிறது. ஆள் தேடுகிறவர்கள் எழுதிக் கேட்டால், அவரிடம் சொல்கிறேன்.