கட்டக் கூடாத அரைஞாண்

திருவனந்தபுரத்தில் கைக்குழந்தையோடு வெளியே போனால், “இருபத்தெட்டு கழிஞ்ஞோ?” என்றுதான் முதலில் கேட்பார்கள். பிறந்த இருபத்தெட்டாம் நாள் குழந்தையின் இடுப்பில் அரைஞாண் கட்டுவது இங்கே ஒரு சின்னக் கல்யாணம். நம் வள்ளியூர்ப் பக்கமும் கட்டுவோம். இத்தனை ஆரவாரம் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் பிறந்த என் மகனுக்கு எந்த ஊர் முறைப்படியும் கட்டவில்லை.

பிறக்கும்போதே அவன் வயிற்றுத் தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. அடியில் தசை வளரவில்லை, மூத்திரப் பாதையும் வீங்கியிருக்கிறது, அபூர்வமாக வருவது என்றார் டாக்டர். பெயர் ‘ப்ரூன் பெல்லி’. ப்ரூன் ஓர் உலர்பழமாம். சாலைக் கடைவீதியில் நாள் முழுக்கக் கிஸ்மிஸ் பொட்டலம் கட்டுகிற எனக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அந்தத் தோலில் கயிறு பதிந்தால் புண்ணாகும், கட்டவே கூடாது என்றுவிட்டார். அதற்குள் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய கறுப்புக் கயிறு வந்துவிட்டது. தொட்டில் கம்பில் மாட்டிவைத்தோம்.

மூத்திரம் வடிய ஆபரேஷன் செய்து வைத்திருந்த ட்யூபை ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் தானாக மூத்திரம் போக வேண்டும். போகாவிட்டால் மறுபடி ஆபரேஷன். நான் கடைக்குப் போகவில்லை. நானும் என் மனைவி செல்வியும் அவன் துணியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் வீட்டுக்கார சரோஜினி சேச்சி புது வெள்ளி அரைஞாணோடு வந்தார்.

“நிங்ஙளுடெ நாட்டில் இதொந்நும் இல்லே? பாவம் குஞ்ஞு.”

செல்விக்குச் சுருக்கென்றது. “எங்க ஊர்லயும் உண்டு சேச்சி. இவனுக்குக் கெட்டக் கூடாது. இந்தா பாருங்க” என்று துணியை விலக்கினாள்.

“அய்யோ, மோனே” என்று சேச்சி குனிந்து அந்த மடிப்புகளைத் தொட்டார். அந்த நேரம் பார்த்து வந்தது! பீச்சியடிக்கவில்லை, தள்ளுவதற்கு வயிற்றில் தசை ஏது? மெல்லிசாக இறங்கி சேச்சியின் கையை, வெள்ளியை, செல்வியின் மடியை நனைத்தது. நின்றது. எங்கள் மூச்சும் நின்றது. மறுபடி வந்தது!

“ஏங்க, இருந்துட்டான்! எம்புள்ள ஒண்ணுக்கு இருந்துட்டான்!”

நான் வாசலுக்கு ஓடி, சைக்கிளில் போன மீன்காரரை நிறுத்தி, “மோன் மூத்திரம் ஒழிச்சு!” என்று கத்தினேன். “அதினு?”, அதற்கென்ன என்று கேட்டுவிட்டு அவர் மிதித்துக்கொண்டு போனார். உள்ளே சேச்சி கையைக்கூடக் கழுவாமல் அழுதுகொண்டே சிரித்தார். அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

கொண்டுவந்ததை சேச்சி திருப்பி எடுத்துப் போகவில்லை. அலசித் துடைத்து, தொட்டில் கம்பில் அம்மாவின் கறுப்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் மாட்டினார். காற்றடித்தால் இரண்டும் உரசிக்கொள்ளும். கீழே, எந்த ஊரும் கட்டாத இடுப்போடு, அவன் துணியை நனைத்துக்கொண்டு கிடப்பான்.