கம்ப்யூட்டருக்கு எதிரே

எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. பாடம்தான் பெயர். "வேதியியல் இன்னைக்கு லீவா?" என்பார்கள். "வணிகவியலுக்கு ஒரு டீ சேத்துச் சொல்லுங்க" என்பார்கள். நான் கணக்கு. கட்டாயப் பாடம். பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, பிடிக்காமலேயே வந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அதனால் எனக்குப் பயமும் இல்லை, பணிவும் இல்லை. விருப்பப் பாடக்காரர்கள் பாடு வேறு. ஒன்பதாம் வகுப்பு முடிகிற சமயத்தில் அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் தோற்றுப் போவார்கள்.

அவர்களில் சிரிக்கத் தெரியாத ஒருவர் இருந்தார். பூகோளம். புத்தகத்தில் அது புவியியல் ஆகி எவ்வளவோ காலமாகிவிட்டது, எங்கள் வாயில்தான் ஆகவில்லை. என்னைவிட மூத்தவர், ஆகவே பூகோளம் அக்கா.

பாடங்களை நாங்கள் மூன்று பத்திகளாகப் பிரித்து வைத்திருப்போம். பிள்ளைகள் ஒரு பத்திக்கு ஒரு பாடம் எடுக்க வேண்டும். ஒரே பத்தியில் இருக்கிற பாடங்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு அறைகளில் நடக்கும், அதனால் அவற்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். வரலாறு ஓவியத்துக்கு எதிரே, உயிரியல் கணக்குப்பதிவியலுக்கு எதிரே என்று சொல்வோம். ஒரு பாடம் பிழைப்பதும் சாவதும் அது எதற்கு எதிரே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. வாத்தியார் நன்றாக நடத்துகிறாரா என்பதெல்லாம் அப்புறம்.

அந்தப் பத்திகளைப் போடுகிறவர் பூகோளம் அக்கா. பள்ளி முழுவதற்கும் கால அட்டவணை அவர் வேலை. வேறு யாரும் ஏற்றுக்கொள்ளாத வேலை என்பதால் அவர் தலையில் கட்டப்பட்டது. அவருக்கு முடியாது என்று சொல்ல வராது. ஆனால் அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது என்பதையும் நான் சொல்ல வேண்டும். ஆய்வகத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. பச்சைத் துணி ஒட்டிய பெரிய பலகை. வண்ண அட்டைத் துண்டுகள், எனக்குச் சிவப்பு, அறிவியலுக்கு நீலம், அவருக்குப் பழுப்பு. உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ஓர் அட்டையைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் குத்தி, இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். ஒரு ஆசிரியருக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை வந்துவிடக் கூடாது, ஒரு வகுப்புக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடர்ந்து கணக்கு வந்துவிடக் கூடாது. அவர் போட்ட அட்டவணையில் பிசகு வந்து நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் பாடம் வந்த வருடம் விருப்பப் பாடக்காரர்கள் எல்லோருக்கும் தூக்கம் போயிற்று. அதற்கு எதிரே நிற்கிற பாடத்துக்கு ஆள் வராது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒவ்வொருவராகப் பலகை அறைக்குள் போய் வந்தார்கள். வணிகவியல் ஒரு நாள் டீயோடு போனாள், மறுநாள் டீயும் கண்ணீருமாகப் போனாள். "எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க அக்கா. என் பாடத்த மட்டும் அங்க வச்சிடாதீங்க" என்றாளாம்.

அட்டவணை ஒட்டப்பட்டபோது கம்ப்யூட்டருக்கு எதிரே நின்றது பூகோளம்.

"உங்களுக்குப் பைத்தியமா அக்கா?" என்று கேட்டேன்.

"பலகை என் கையில இருக்கு. என் பாடத்துக்கு நல்ல இடம் பாத்து வச்சுக்கிட்டா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"பேசினா பேசட்டுமே."

"உனக்கென்ன, நீ கட்டாயப் பாடம்."

ஆசிரியர் அறையில் அவரைத் தங்கமான மனசு என்றார்கள். அந்த வார்த்தையை முதலில் சொன்னவள் வணிகவியல். தங்கம், மனசு, பெருந்தன்மை என்று சொல்லிவிட்டு, எல்லோரும் நிம்மதியாக அவரவர் பாடத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வருடமும் பூகோளம் அங்கேயே நின்றது. அதற்கடுத்த வருடம் அதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை. நிலைப்படி இருக்கிற இடத்தில் இருப்பதுபோல அது அங்கே இருந்தது.

வகுப்பு சுருங்கியது. முதலில் பின்பெஞ்சு காலியானது. பிறகு ஜன்னலோரம் காலியானது. அக்கா மட்டும் நிறைந்த வகுப்புக்கு நடத்துகிற குரலில்தான் நடத்தினார். சுவரை ஒட்டி வரைபடத்தைத் தொங்கவிட்டு, ஓர் ஆறு ஏன் அந்த இடத்தில் திரும்புகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பது பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும். என் பிள்ளைகளும் அதைத்தான் கேட்டார்கள், சமன்பாட்டை விட்டுவிட்டு. எனக்கு எரிச்சலாக வரும். நானும் கேட்பேன்.

பிறகு அவர் மகள் ஒன்பதாவது முடித்தாள். எங்கள் பள்ளிதான். அம்மாவைப் போலவே வரைபடப் பைத்தியம். ஆனால் கம்ப்யூட்டரிலும் கெட்டிக்காரி. இரண்டும் வேண்டும் என்றாள். பலகை அறையில் நான் இருக்கும்போதே கேட்டாள்.

"பூகோளத்த ரெண்டாவது பத்திக்குத் தள்ளி வைங்கம்மா. ஒரு அட்டைதான?"

"சொந்தப் பொண்ணுக்காகப் பத்தியையே மாத்தினான்னு சொல்லுவாங்க."

"யாரும்மா சொல்லுவாங்க?"

"சொல்லுவாங்க. நீ கம்ப்யூட்டரே எடு. பொழப்புக்கு ஆகும்."

மகள் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். அக்கா குண்டூசிகளைப் பொறுக்கினார். எனக்கு வாய் வரை வந்தது. அம்மாவும் பெண்ணும் பேசுகிற இடத்தில் எனக்கென்ன வேலை என்று விழுங்கிக்கொண்டேன்.

இருபது பேர் சேராத பாடத்தை மூடிவிடலாம் என்பது நிர்வாகத்தின் விதி. அந்த வருடம் பூகோளத்துக்குப் பத்தொன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை கூட்டம் போட்டார். கெட்டவர் இல்லை, வாய்ப்புக் கொடுத்துத்தான் கேட்டார். "ஒரு வருஷம் தள்ளிப் பாக்கலாமா? யாராவது சொல்லுங்க."

நான் பேசினேன். கம்ப்யூட்டருக்கு எதிரே வைத்தால் எந்தப் பாடமும் இந்தக் கதிக்குத்தான் வரும் என்றேன். தலைமையாசிரியை திரும்பி, "அங்க வச்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் அக்கா. ஏன் வைத்தேன் என்று சொல்லவில்லை. யாருக்காக என்றும் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். எல்லோருக்கும் அப்போதுதான் தரையில் ஏதோ தொலைந்து போயிருந்தது.

தேடாதவள் வணிகவியல் மட்டும்தான். "தப்பா நினைக்காதீங்க அக்கா. இருபதாவது ஆளா உங்க பொண்ணு இருந்திருக்கலாம். பெத்த பொண்ணே எடுக்காத பாடத்த ஊர்ப் பிள்ளைங்க ஏன் எடுக்கணும்?"

நியாயமான கேள்விபோலவே இருந்தது. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. நான் எழுந்து பழசையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அக்கா மேசைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பிடியை நான் உதறியிருந்தாலும் பாடம் பிழைத்திருக்காது. பூகோளம் மூடப்பட்டது. வேலை போகாது என்றார்கள். யார் வரவில்லையோ அவர்கள் வகுப்பை அக்கா பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

பலகையும் போனது. அட்டவணையை இனி கம்ப்யூட்டர் சார் மெஷினிலேயே போடுவார் என்று முடிவாயிற்று. அவர் முதலில் போட்டுக் காட்டியதில் கம்ப்யூட்டருக்கு எதிரே காலியான இடத்தில் வணிகவியல் உட்கார்ந்திருந்தது. எனக்கு அன்று சாப்பாடு ருசித்தது, மறைப்பானேன். வணிகவியல் முகம் செத்துப்போய் ஒரு டீயை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்தாள், சிரித்துக்கொண்டு.

புது அட்டவணை ஒட்டினார்கள். கம்ப்யூட்டர் இரண்டு பத்திகளில் இருந்தது. வணிகவியல் வேண்டுமென்றால் அதையும் எடுக்கலாம், இன்னொரு பத்தியில் கம்ப்யூட்டரையும் எடுக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

நான் கம்ப்யூட்டர் சாரிடம் போய் நின்றேன். "இது எப்படி சார் முடிஞ்சுது?"

"ரெண்டாவது டீச்சர் வந்து மூணு வருஷமாச்சே. ஆளுக்கு ஒரு பத்தி. வணிகவியல் வந்து கேட்டாங்க, பிரிச்சுட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா கேட்டிருந்தா அப்பவே பிரிச்சிருப்பேனே" என்றார். பாவம், உண்மையாகத்தான் சொன்னார்.

அந்த இரண்டாவது ஆசிரியையின் அட்டைகளைப் பலகையில் குத்தியதே அக்காதான். எந்த நேரத்தில் யார் கை ஓய்ந்திருக்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்தப் பள்ளியில் இல்லை. வேறு யாருக்காவது என்றால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். தனக்கு என்று வந்தபோது அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று தலையைத் திருப்பிக்கொண்டவர், நல்ல பெயர் கெட்டுவிடும் என்று. அந்த நல்ல பெயரை வைத்து அவர் இன்று என்ன செய்கிறார் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

அட்டவணை ஒட்டிய அன்று மாலை அக்காவும் மகளும் நானும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றோம். மகள் வரிசையில் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"அப்போ நான் ரெண்டும் எடுத்திருக்கலாமாம்மா?"

அக்கா கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, பஸ் போய்விடும் என்றார்.

இப்போது பிள்ளைகள் அவரை லீவு டீச்சர் என்கிறார்கள். யார் லீவோ அவர்களுக்குப் பதிலாக வருகிறவர். எங்கள் அறையில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பூகோளம் என்று வாய் வரை வந்து, இல்லாத பாடத்தை எப்படிச் சொல்வது என்று வெறும் அக்கா என்று முடித்துக்கொள்கிறோம்.

போன வாரம் வணிகவியலின் மகனுக்குக் காய்ச்சல். அவள் வகுப்பு நிரம்பி வழிகிறது, இடம் போதாமல் பெஞ்சுக்கு ஒருவர் கூடுதல். நான் அந்த வழியாகப் போனபோது அக்கா சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுந்து, "மிஸ், நீங்க என்ன பாடம்?" என்று கேட்டாள்.

அக்கா கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பி மேலட்டையைப் பார்த்தார்.

"இன்னைக்கு வணிகவியல்" என்றார். "உக்காரும்மா."