பாலத்தில் அடித்த ஆணி

தலைவரே, அந்த மரப்பாலத்தில் ஆணி அடித்தது நீங்கள். என் அப்பா இல்லை.

போன அக்டோபரில் நம் தமிழ்ச் சங்கத்துக் குடும்பங்கள் நியூ ஜெர்சியிலிருந்து ஆற்றைத் தாண்டி, பென்சில்வேனியா கிராமம் ஒன்றில் நடந்த பாலத் திருவிழாவுக்குப் போனோம். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய பாலம். மேலே கூரை, இரண்டு பக்கமும் பலகை. சென்னையிலிருந்து வந்திருந்த அப்பாவைக் கூட்டிப் போனதே அதற்காகத்தான். நெடுஞ்சாலைத் துறையில் முப்பது வருஷம் பாலங்களைச் சோதித்தவர். மரப்பாலத்துக்குள் ஒருமுறைகூட நின்றதில்லை.

பாலம் திறந்துதான் இருந்தது. ஊர்க்காரர்கள் டோனட்டைக் கடித்தபடி உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள். நாம் மட்டும் வாசலில் நின்றோம், சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை என்று. பாலம் பார்க்கப் போன இடத்திலும் நமக்குப் பொன்னாடை போர்த்த ஓர் ஆள் வேண்டும்.

"ஏம்மா, நான் மட்டும் ஒரு எட்டு உள்ள போயிட்டு வந்துடட்டுமா?" என்று அப்பா என்னிடம் கேட்டது உங்கள் காதில் விழுந்தது.

"ஒரே நிமிஷம் அங்கிள். குரூப் போட்டோ எடுத்துட்டு எல்லாரும் சேர்ந்தே போலாம்," என்றீர்கள்.

அந்த ஒரு நிமிஷம் ஒன்றேகால் மணி நேரம் ஓடியது.

விருந்தினர் வந்தார். போட்டோவுக்காகப் பிடித்த நம் சங்கப் பேனர் காற்றில் மடங்கிக்கொண்டே இருந்தது. காரிலிருந்து சுத்தியல் எடுத்து வந்தீர்கள்.

"தம்பி, அது பழைய மரம்," என்றார் அப்பா.

"ரெண்டே ரெண்டு ஆணி அங்கிள். பாலம் விழுந்துடுமா என்ன? நீங்க அந்தக் கீழ் முனையைப் பிடிங்க."

வாசல் பலகையில் அடித்தீர்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அதற்கு என் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

சத்தம் கேட்டு விழா நடத்தும் அம்மாள் ஓடி வந்தார். யார் அடித்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீங்கள் போனைப் பார்த்தீர்கள். பேனரின் முனை அப்பா கையில் இருந்தது. அந்த அம்மாள் அவரையே பார்த்தார்.

"சாரி, மேடம்," என்றார் அப்பா.

நம் கூட்டத்தில் ஒருவரையும் அந்த அம்மாள் உள்ளே விடவில்லை. திரும்பும் வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பாலத்தைக் கெடுத்தவன்னு அந்தம்மா என்னைத்தானே நினைச்சுட்டு இருக்கும்?"

மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினீர்கள்: "வயதான ஒருவரின் கவனக்குறைவால் சிறு சங்கடம். மற்றபடி விழா இனிதே நடந்தது." போன் செய்து கேட்டேன். "விடுங்க சிஸ்டர், யார் பேரையும் போடலையே!" என்று சிரித்தீர்கள். அன்று வந்திருந்த வயதானவர் அப்பா ஒருவர்தான்.

அவர் பாலத்துக்குள் போகாமலே ஊருக்குப் போய்விட்டார். இந்த வருஷமும் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அறிவிப்பு போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் சொல்லுங்கள், ஆணி அடித்தது யார்? எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். அதே குழுவில், எல்லாரும் படிக்கும்படி, உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.