புறங்கையால் தொடும் மைக்

லைப்சிக் நகரில் சனிக்கிழமைதோறும் நாங்கள் வாசித்துப் பழகும் வாடகை அறையில், கிட்டாரை ஆம்ப்பில் மாட்டியதும் முதல் வேலையாக மைக்கைப் புறங்கையால் ஒரு தட்டு தட்டுவேன். உள்ளங்கையால் பிடித்தால் ஷாக் அடிக்கும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும்; புறங்கை என்றால் தானாக உதறிவிடும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், எங்கள் கடலோரச் சர்ச்சில் வாசித்த எவனுக்கும் இது பல் துலக்குவதுபோலத்தான். டிரம்ஸ் வாசிக்கும் யூர்கன் இதை என் மதச் சடங்கு என்று நினைத்துக்கொண்டு, குச்சிகளை மடியில் வைத்துத் தலைகுனிந்து காத்திருப்பார். அந்த மனுஷனிடம் எப்படி விளக்குவது? ஆமாம் என்று விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை ஆம்ப் ஓயாமல் முனகியது. நான் பெரிய மேதாவிபோல, “பிளக்கைத் திறந்து எர்த் ஒயரைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும். எங்கள் சர்ச்சில் அப்படித்தான் செய்தேன்” என்றேன். யூர்கன் முகம் வெளுத்துவிட்டது. “லேபென்ஸ்கெஃபேர்லிஷ்!” என்றார். உயிருக்கே ஆபத்து என்று அர்த்தம். எர்த் இல்லாத ஆம்ப்பில் எங்காவது கசிந்தால் கிட்டார் கம்பிவரை கரண்ட் வருமாம். கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருந்தால் அது நெஞ்சு வழியாகப் பாயுமாம். தன் மார்பிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினார். நான் எர்த் கழற்றிய ஆம்ப் இன்னும் எங்கள் சர்ச்சில்தான் இருக்கிறது. அதில் வாசித்துக்கொண்டே பாடுகிறவள் என் தங்கை எஸ்தர்.

அவள் கிட்டாரையும் நான்தான் பார்த்து வாங்கினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் வளைவு இருக்கிறதா என்று பார்த்தேன். விரல் நோகாதபடி கம்பி தாழ்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருவேறும், வாசித்ததும் பழைய பனியன் துணியால் துடைத்துவிட வேண்டும். இவ்வளவு தெரிந்த நான்தான் அந்த ஆம்ப்பின் பிளக்குக்குள் பச்சை எர்த் ஒயரைக் கழற்றி, மடித்து, டேப் சுற்றி மூடினேன். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. முனகல் நின்றதும் எல்லாரும் கைதட்டினார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, துடைத்த ஈரம் காயாத சிமெண்ட் தரையில் நின்றுதான் பாடுவோம். கம்பி சுள்ளென்றால், “ஆவி எறங்கிட்ச்சு மச்சான்!” என்று சிரிப்போம். சிரித்தோமே, பாவிகள்!

யூர்கன் சொல்லி முடித்தபோது இங்கே மணி ஒன்றரை. அங்கே ஆறு, பாட்டுப் பயிற்சி நேரம். எஸ்தருக்கு நாலு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஒவ்வொரு ரிங்குக்கும் அவள் தரையில் கிடப்பதாகவே கண்ணில் வந்தது. ஐந்தாவது தடவை திரையில் முகம் தெரிந்தது.

“இன்னாண்ணா, இத்தினி வாட்டி அட்ச்சிகினு கீற? யாருக்கு இன்னா ஆச்சு?”

“கம்பியத் தொடாத! மொதல்ல சுவிச்ச ஆஃப் பண்ணி பிளக்கப் புடுங்கு. அத்தத் தொறந்து பாரு.”

திறந்தாள். நான் சுற்றிய டேப் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

“சுள்ளு சுள்ளுன்னு அடிக்கும்ண்ணா. கடக்காத்து ஈரம், கண்டுக்காதன்னு நீதான சொன்ன? மூணு வருசமா கண்டுக்காமதான் வாசிச்சுகினு கீறேன்.”

இதை வாசிக்கிறவர்களே, முனகினால் முனகட்டும். மைக் மாட்டும் மிக்ஸரையும் ஆம்ப்பையும் எர்த் சரியாக உள்ள ஒரே பாயிண்டில் மாட்டிப் பாருங்கள், நல்ல ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். பச்சை ஒயரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஒயர்மேன் வந்து சுவரிலுள்ள எர்த்தையும் பார்க்கும்வரை ஆம்ப்பைத் தொடாதே என்று எஸ்தரிடம் சொன்னேன். “செரி, இன்னிக்கு ஒயரு மாட்டாம சும்மாவே வாசிக்கிறேன். நீ பயப்படாத” என்று போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றாள். மற்றவர்கள் குரலில் அவள் கிட்டார் எனக்குக் கேட்கவேயில்லை. விரல்கள் அசைவது மட்டும் தெரிந்தது, அது போதும். என் கிட்டாரின் ஒயரையும் பிடுங்கிவிட்டு, கம்பிகளில் அவள் பிடித்த ஒவ்வொரு கார்டையும் ஷூ போட்ட காலோடு இங்கே நானும் பிடித்தேன், எப்போதும் ஒரு நொடி பிந்தி. யூர்கன் குச்சிகளை மடியில் வைத்துத் தலைகுனிந்து காத்திருந்தார். இந்த முறை அவர் நினைத்தது தப்பில்லை.