கோட்டுக்கு வெளியே லாட்ரிஸ்

லாட்ரிஸ் பெட்டிகிரூவுக்கு உட்கார வராது. இண்டியானாவில் ஒரு சின்னக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அவள் பயிற்சியாளராகி இது இரண்டாவது சீசன். பெஞ்சில் அவள் உட்காரும் இடம் இன்னும் புதிதாகவே இருந்தது.

பயிற்சியாளர் நிற்பதற்கு ஆடுகளத்தின் ஓரத்தில் கோடு போட்ட இடம் உண்டு. ஆட்டத்துக்குள் புகுந்தால் எதிரணிக்கு இலவச எறிவுகள். ஆகவே உதவிப் பயிற்சியாளர் விர்ஜிலின் முக்கியமான வேலை, அவள் மேல்சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது.

"தாயே, உன்னைப் பிடிச்சுப் பிடிச்சு என் தோளே கழண்டுபோச்சு. பெஞ்சோட சேர்த்துக் கட்டிப் போட்டுடட்டுமா?" என்பார்.

"கட்டுங்க. பெஞ்சையும் இழுத்துக்கிட்டு ஓடுவேன்."

அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். பந்துதான் கூட்டிக்கொண்டு போனது. பிறகு துருக்கி, ஹங்கேரி என்று ஊர் ஊராகச் சம்பளத்துக்கு ஆடினாள். முழங்கால் இரண்டாம் முறை போனபோது, போதும் என்றார் மருத்துவர். அவளுக்குப் போதவில்லை. யாராவது "கோச்" என்று அழைத்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றே இன்னமும் ஒரு கணம் தோன்றும். ஆடாத லாட்ரிஸ் என்றால் யார்? அவளுக்கே தெரியவில்லை.

அந்த மார்ச்சில் அரையிறுதி. தோற்றால் ஜோலின் ஸ்ட்ரிக்லருக்கு அதுவே கடைசி ஆட்டம். நான்காம் ஆண்டு மாணவி. இதற்குப் பிறகு அவளை ஆடக் கூப்பிட யாரும் இல்லை.

லாட்ரிஸின் அணிக்கு ஒரு புள்ளி முன்னிலை, கடைசி விநாடிகள். எதிரணிப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு பெஞ்சை ஒட்டி வந்தாள். ஜோலின் அவளை ஓரத்துக்கு நெருக்கிக்கொண்டிருந்தாள். விர்ஜில் வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்திருந்தார். லாட்ரிஸின் கால் உள்ளே போனது. கை நீண்டது. பந்து பறந்தது. பழைய நாட்களில் என்றால் அரங்கமே எழுந்து கைதட்டியிருக்கும்.

விசில் ஊதினார்கள்.

எதிரணிக்குக் கிடைத்த இரண்டு இலவச எறிவுகளில் ஒன்று விழுந்தது, சமநிலை. பந்தும் அவர்களுக்கே போனது. அவர்களுடைய கடைசி வீச்சு வளையத்தில் பட்டுத் தெறித்ததால்தான் தப்ப முடிந்தது. இனி கூடுதல் ஐந்து நிமிடம்.

பெண்கள் சுற்றி நின்றார்கள். "தப்புதான்..." என்று லாட்ரிஸ் தொடங்கினாள்.

"கோச்சுக்கு ஒரு ஜெர்சி குடுங்கடி" என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஜோலின் சிரிக்கவில்லை. "அவளை நான் மடக்கிட்டேன் கோச். அது என் பந்து. நீங்க எத்தனையோ ஊர்ல ஆடிட்டீங்க. எனக்கு இது மட்டும்தான்."

பலகையில் வரையத் திறந்த பேனாவை லாட்ரிஸ் மூடினாள். "சரி. எப்படி ஆடப்போறோம்னு நீயே சொல்லு."

ஜோலின் சொன்னாள். லாட்ரிஸாக இருந்தால் அப்படி ஆடமாட்டாள். ஆனாலும் தலையாட்டினாள்.

கைகளைப் பின்னால் கட்டி, ஒரு மணிக்கட்டை மறு கையால் இறுக்கிக்கொண்டு நின்றாள். வழக்கமாக நொடிக்கொரு தரம் பெஞ்சைப் பார்க்கும் ஜோலின் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பந்தைப் பறித்தாள், தவறவிட்டாள், மறுபடி பறித்தாள். முடிவில் லாட்ரிஸின் அணிப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஜெயிச்சாச்சு தாயே. கையை விடு" என்றார் விர்ஜில்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே."

"அதைத்தானே ரெண்டு வருஷமா கேக்கறேன்."

"கோச்! இங்க வாங்க!" என்று உள்ளிருந்து ஜோலின் கையசைத்தாள். ஆட்டம் முடிந்துவிட்டது; இப்போது தாராளமாகப் போகலாம். லாட்ரிஸ் கோட்டருகில் வந்து, கால் வைக்காமல் சிறிது நேரம் நின்றாள்.