என் குரலில் வந்த காலை அழைப்புகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜின், பேய் என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். தில்லையடியில் சின்னதாக ஒரு பாலர் பாடசாலை நடத்துகிறேன். அலுமாரிக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று அழுகிற பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், பார், ஒன்றும் இல்லை என்று காட்டுவதும் என் வேலையில் ஒரு பகுதிதான். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கொரோனாவில் பயணத் தடை போட்டிருந்த நேரம். பாடசாலை பூட்டு. கணவர் கட்டாரில், விமானம் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார், எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை, வீட்டில் நான் தனியே. அப்போதுதான் எங்கள் பள்ளிவாசல் நிவாரணக் குழுவின் செயலாளர் ரிஸ்வான் நானா போன் எடுத்தார். புத்தளம் டவுனிலிருந்து கற்பிட்டிப் பக்கம் வரை தனியாக இருக்கிற வயசாளிகளின் பெயர்களை எடுத்திருக்கிறோம், முஸ்லிம், தமிழ் என்று பார்க்கவில்லை, தினமும் ஒருவர் கதைத்து விசாரிக்க வேண்டும், டீச்சர் செய்வீங்களா என்று கேட்டார். பத்தொன்பது பெயர்கள். சரி என்றேன்.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு உட்காருவேன். சாப்பிட்டீங்களா, குளிசை போட்டீங்களா, காய்ச்சல் இருமல் இருக்கா என்று கேட்பேன். மரக்கறி லொறி எந்த நாள் வரும், கிளினிக் மருந்தைத் தபாற்காரர் எப்போது கொண்டு வருவார், தடுப்பூசி எங்கே போடுகிறார்கள் என்று சொல்வேன். வட்சப்பில் வருகிற கதையையெல்லாம் கேட்டுப் பயந்துபோய் இருப்பார்கள், அதில் எது பொய் எது உண்மை என்று விளங்கப்படுத்துவேன். இருமலை மறைக்கிறவர்களும் இருந்தார்கள், காரணம் உங்களுக்குத் தெரியும், கொரோனா என்று எழுதிவிட்டால் இறந்தவரின் மையித்தைப் பிள்ளைகளே குளிப்பாட்ட முடியாது, பெட்டியில் அடைத்துத் தூரத்துக்குக் கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அவர்களைக் கதைத்துக் கதைத்துத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாவது கிழமை என்று நினைக்கிறேன். எங்கள் தில்லையடியிலேயே கடைசி ஒழுங்கையில் இருந்த சுலைஹா மாமிக்கு எடுத்தேன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து எங்களோடு ஒரே படகில் வந்தவர். என்னைக் கண்டாலே சிரிப்பார்.

“என்ன புள்ள, திரும்பவும் எடுக்கிற? காலையிலதானே இவ்வளவு நேரம் கதைச்ச.”

“இல்ல மாமி, இண்டைக்கு இப்பதான் எடுக்கிறன்.”

“போடி. குளிசை வியாழக்கிழமை இல்ல, நாளைக்கே வருமெண்டு நீதானே சொன்ன.”

வயசு, மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த நாளே தபாற்காரர் குளிசையோடு வந்தார். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். காலையில் கதைத்தீர்களே டீச்சர், லொறி வராது என்றீர்களே டீச்சர். லொறியும் வரவில்லை. ஊசி போடுகிற இடம் பாடசாலை மண்டபத்துக்கு மாறியது எனக்கு மத்தியானம்தான் தெரியும், என் பட்டியலில் இருந்த நான்கு பேருக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது. யார் சொன்னது என்றால் நான் சொன்னேனாம். விடிய சுபஹு தொழுதுவிட்டு ஒன்பது மணிவரை அடித்துப் போட்டமாதிரித் தூங்குகிறவள் நான், இரவில் தூக்கம் வராத காலம் அது. போனில் போன அழைப்புகளைப் பார்த்தேன், காலையில் ஒன்றுமே இல்லை. ரிஸ்வான் நானாவிடம் கேட்டேன்.

“உங்களத் தவிர ஆருக்கும் அந்தப் பட்டியல் குடுக்கல்ல டீச்சர். ஏன், ஏதும் பிரச்சினையா?”

ஒன்றுமில்லை என்றேன். என்னவென்று சொல்வது? உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமும் வரவில்லை அப்போது. யாரோ நல்ல மனசு உள்ள பெண் என் பெயரைச் சொல்லி உதவி செய்கிறாள், செய்யட்டுமே என்றுதான் இருந்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. சுலைஹா மாமி போனை எடுத்ததும் ஒரே சந்தோசம். “நாளைக்கு வாறனெண்டு சொன்னியே புள்ள, எத்தின மணிக்கு வருவ?”

“நான் எப்பிடி மாமி வாற? வெளிய இறங்க ஏலாதே.”

“கதவத் தொறந்து வெய்யுங்க, நான் வந்திருவன் எண்டு நீதானே சொன்ன.”

ஒருவருக்கும் கதவு திறக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சரி சரி என்று சிரித்தார். மறுநாள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டார் போய்ப் பார்த்தபோது வாசல் கதவு அகலத் திறந்து கிடந்ததாம். மாமி குளித்து, வெள்ளைச் சீலை உடுத்து, கதவைப் பார்த்தபடி கதிரையில் இருந்தாராம். மாரடைப்பு என்றார்கள். கொரோனா இல்லை என்று எழுதிக் கொடுத்ததால் எங்கள் மையவாடியிலேயே அடக்கினோம். அதற்கு அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு அழுதேன், ஆனால் அந்தத் திறந்த கதவு என் மனதை விட்டுப் போகவில்லை.

ஒன்பது நாளுக்குப் பிறகு தலவிலப் பக்கத்தில் இருந்த அருளம்மா. கத்தோலிக்கர், கணவர் இல்லை, ஒரே மகள் நீர்கொழும்பில். எப்போதும் என்னிடம் மரியாதையாகக் கதைப்பவர்.

“டீச்சர், நாளைக்கு வாறன் எண்டீங்களே, நீங்க எங்கட வீட்டில தேத்தண்ணி குடிப்பீங்கதானே?”

அம்மா, கதவைத் திறக்காதீங்க, நான் வரவில்லை, அது நான் இல்லை என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடனே மகளுக்கு எடுத்தேன், அவளால் மாவட்டம் தாண்டி வர முடியாது. அந்தப் பகுதிக் கிராம சேவகருக்கு எடுத்தேன், அம்மாவுக்கு உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்டார், வருத்தம் ஒன்றும் இல்லை என்றுதானே சொல்ல முடியும், அப்படியென்றால் நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றார். நான் போயிருக்கலாம். கெஞ்சியாவது ஒரு பாஸ் எடுத்திருக்கலாம். போய் என்ன காரணம் சொல்வது, பைத்தியம் என்று நினைப்பார்களே என்ற வெட்கத்தில் இருந்துவிட்டேன். அந்த வெட்கத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மறுநாள் பத்து மணிக்குக் கிராம சேவகர் போனபோது அருளம்மா இறந்து சில மணித்தியாலங்கள் ஆகியிருந்தன. கதவு திறந்திருந்தது.

அதன் பிறகு மத்தியானம் போனைக் கையில் எடுப்பதையே தள்ளிப் போட்டேன். எண்ணை அழுத்திவிட்டு, இவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். என் குரலே எனக்குப் பிடிக்காமல் போனது. தனிய இருக்கும்போது சத்தமாக ஓதக்கூடப் பயம்.

மூன்றாவது ஆள் மீரா மொஹிதீன் மாமா. படகு எஞ்சின் திருத்துகிறவராக இருந்தவர், கற்பிட்டி ரோட்டிலிருந்து உள்ளே, களப்பைப் பார்த்தபடி தென்னந்தோட்டத்தில் தனி வீடு. கடுமையான மனிதர். நான் பத்துக் கேள்வி கேட்டால் ஓம், இல்லை என்று இரண்டு பதில் சொல்வார். அன்றைக்கு அவராகவே கேட்டார்.

“நாளைக்கு எத்தின மணிக்கு வாறீங்க?”

“எங்க மாமா?”

“எங்கட வீட்டுக்குத்தான். காலையில சொன்னீங்களே. கதவு தொறந்து வெக்கச் சொன்னீங்க.”

இந்தத் தடவை நான் இல்லை என்று சொல்லவில்லை. “ஓம் மாமா, விடியவே வாறன்” என்றேன். ரிஸ்வான் நானாவிடம் அழுதேன், என்னவென்று சொல்லாமலே அழுதேன், பாவம் அவர், உலர் உணவு கொண்டுபோகிற ஓட்டோவில் என் பெயரையும் எழுதி அனுமதி எடுத்துத் தந்தார்.

காலை எட்டு மணிக்கு நான் அங்கே இறங்கினேன். ஓட்டோ மற்ற வீடுகளுக்குப் போய்விட்டது. ரோட்டில் சனம் இல்லை, களப்பில் ஒரு தோணி இல்லை, காற்றுகூட அன்றைக்கு விழுந்து கிடந்தது. இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு முற்றத்தில் ஒரு கதிரையில் நான், வாசலுக்கு உள்ளே ஒரு கதிரையில் அவர். நல்ல வெயில். அவர் பழைய எஞ்சின்களைப் பற்றி ஏதோ சொன்னார், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒன்பது மணியாகியும் ஒன்றும் நடக்கவில்லை, எனக்கே என்னை நினைத்துச் சிரிப்பு வரத் தொடங்கியது.

அப்போது அவர் மடியில் இருந்த போன் அடித்தது. பட்டன் போன். எடுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்கதான் எடுக்கிறீங்க” என்றார்.

என் போன் என் கையில் இருந்தது. திரை கறுப்பாக இருந்தது. நான் எழும்பிப் போய் அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன், அல்லாஹ்மேல் ஆணையாகச் சொல்கிறேன், டீச்சர் என்று இருந்தது, கீழே என் நம்பர். காதில் வைத்தேன்.

“மாமா, வாசலுக்கு வந்திட்டன்.”

என் குரல். வயசாளிகளோடு கதைக்கும்போது மட்டும் எனக்கு வருகிற அந்த மெல்லிய இழுவைகூட அப்படியே. அந்தப் பக்கத்தில் மூச்சு கேட்டது. பிறகு, மாமாவிடம் சொல்வதுபோல் இல்லாமல், என்னிடமே சொல்வதுபோல் கேட்டது.

“ஆரும் இருக்கீங்களா அவரோட?”

“நான் இருக்கன்” என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது.

“அப்ப சரி” என்றது. அவ்வளவுதான். கட்டாகிவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தபோது மீரா மொஹிதீன் மாமாவின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை, கை நெஞ்சில். பேச முடியவில்லை அவருக்கு. அம்புலன்ஸுக்கு எடுத்தேன், ரோட்டுக்கு ஓடி வழி காட்டினேன், திரும்ப ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், இடைவெளி எல்லாம் மறந்துபோனது. ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார், அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று. மாமா பிழைத்தார். இன்றைக்கும் இருக்கிறார், ஓம், இல்லை என்று இரண்டு பதில்தான் இப்போதும். அந்த அழைப்பைப் பற்றி ஒரு தடவை கேட்டேன், அத விடுங்க டீச்சர் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு காலை அழைப்பு யாருக்கும் வரவில்லை. நான் யோசிக்கிறதெல்லாம் இதுதான். அது உயிரை எடுக்க வந்ததா, அல்லது தனியே கிடந்து சாகப்போகிறவர்களுக்குத் துணைக்கு ஆள் இல்லையென்று வந்ததா? நான் முதலிலேயே புறப்பட்டிருந்தால் மற்ற இருவரும் பிழைத்திருப்பார்களா? இதை ஒரு மௌலவியிடம்கூட நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்ற பயம்.

எல்லாம் திறந்து, சனம் நடமாடத் தொடங்கிய பிறகு அருளம்மாவின் மகள் என்னைத் தேடி வந்தாள். வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து வளவில் இருந்த அக்கா அப்போது தனிமைப்படுத்தலில் இருந்தாராம், டீச்சர் உதவிக்கு ஆள் அனுப்பியிருப்பார் என்று நம்பி, வேலி தாண்ட முடியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

“விடிய நாலு மணியில இருந்து நீங்க அம்மாவோட ஸ்பீக்கர் போனில இருந்தீங்களாம் டீச்சர். அம்மாவுக்கு மூச்சு வாங்க வாங்க, செபமாலை முழுக்க நீங்களே சொல்லிக் குடுத்தீங்களாம், ஒரு சொல்லுக்கூடப் பிசகாம. நீங்க இஸ்லாம் ஆக்கள், எங்கட செபத்த எப்பிடிப் பாடமாக்கினீங்க எண்டு அந்த அக்கா இண்டைக்கும் சொல்லிச் சொல்லி அழுறா.”

எனக்கு அந்தச் செபத்தில் ஒரு வரிகூடத் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஓம் தங்கச்சி என்றேன்.

போன வருடம் தலவிலத் தேவாலயத் திருவிழாக் காலத்தில் ஒரு வேலையாகக் கற்பிட்டி பஸ்ஸில் போனேன். பஸ் நிறைய யாத்திரைக்குப் போகிறவர்கள். பாலாவி தாண்டியதும் பின் சீட்டில் இருந்த பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். நான் யன்னலால் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், என் பர்தாவைப் பார்த்தார், பிறகு என் வாயைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, என் உதடு அசைந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் சொல்வதற்கு ஒரு சொல் முன்னால் நான் சொல்லிக்கொண்டு போனேன்.