வேப்பிலை கட்டிய வாசல்

என் மகளுக்கு நாலு வயதில் விடாத காய்ச்சல். கண்ணும் நாக்கும் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட என்னை, இது அம்மை என்று சொல்லி மச்சாள், என் கணவரின் அக்கா, மறித்துவிட்டார்.

“அம்மாள் வந்திருக்கிற பிள்ளைக்கு ஊசி போடுறதோ? குற்றமாப் போயிடும்!”

அம்மாள் கோயில் கொண்ட எங்கள் சல்லிக் கிராமத்தில் இந்தப் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவரே வாசலில் வேப்பிலை கட்டினார். ஒருவழியாகக் காய்ச்சல் தணிந்து, விரல் நுனிகளில் தோல் உரிந்தது. “பாத்தீரோ, அம்மாள் இறங்கிட்டா” என்றார் பெருமையாக.

பத்து வயதில், பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் மகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். கொழும்பில் வைத்தியர் அந்தப் பழைய காய்ச்சலைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்.

“அது அம்மாள் வருத்தம் இல்லை, கவாசாகி எண்டு வேறொரு வருத்தம். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோற குழாய் அப்பவே வீங்கி, இப்ப அடைச்சுப்போச்சு. அந்த நேரமே மருந்து ஏத்தியிருந்தா அநேகமாத் தப்பியிருக்கும்.”

நெஞ்சைத் திறந்து, உள்ளேயிருந்த வேறொரு குழாயை அடைப்புக்கு அப்பால் இணைத்துத் தைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். வீடு வந்ததும் மச்சாள் அவளுக்குத் திருநீறு பூசி, “அம்மாள்தான் காப்பாத்தினவ” என்றார். அன்றோடு எனக்கும் அவருக்கும் கதை பேச்சு இல்லை.

வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் எங்கள் ஊரில் பிறத்தியார் நுழைவதில்லை. நான் நுழைகிறேன். பிள்ளையிடம் நாக்கை நீட்டச் சொல்லி, சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்வரை அந்த வாசலை விட்டு நகர்வதில்லை.

“அம்மாளுக்கும் பயமில்லாதவள்” என்கிறார்கள். ஓம், இல்லைத்தான். ஒருமுறை பயந்தேன். அதன் தழும்பு என் மகளின் நெஞ்சில் இருக்கிறது.